தூவி, இறகு, இலவம்பஞ்சு: யார் படுக்கைக்கு எது?

போன ஐப்பசியில் ஒரே சமயத்தில் மூன்று பேருக்குப் போர்வை வாங்க வேண்டி வந்தது. அக்கா மகளுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை. மியூனிக் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், நவம்பர் நடுவில் விமானம். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டு மாடி அறையில் இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. மழை பிடித்துக்கொண்டால் ராத்திரி முழுக்கக் கால் சில்லென்று இருக்கிறது என்பார். வீசிங் தொந்தரவும் உண்டு. மூன்றாவது எங்கள் படுக்கையறை. ஏ.சி. மாட்டிய நாளிலிருந்து நல்ல கனமான கம்ஃபர்ட்டர் ஒன்று வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா மகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "சித்தி, இந்த டவுன் கம்ஃபர்ட்டரையே மூணு வாங்கிடலாமா? இதுதான் இருக்கிறதுலயே பெஸ்ட்னு போட்டிருக்கான்" என்றாள். ஒன்றின் விலையே ஐந்து இலக்கம். என் அப்பா தண்டையார்பேட்டையில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தவர். பஞ்சுத் தூசிக்கு நடுவில் வளர்ந்தவள் நான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். கடைசியில் மூன்று பேருக்கும் மூன்று வேறு முடிவுதான் எடுத்தோம்.

அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்வார்: "பஞ்சு சூடு தராதும்மா. பஞ்சுக்குள்ள நிக்கிற காத்துதான் சூட்டைப் பிடிச்சு வைக்குது." எந்தப் போர்வைக்கும் இதுதான் அடிப்படை. நம் உடம்பு விடுகிற சூட்டை வெளியே போகவிடாமல் தடுப்பது அசையாமல் நிற்கும் காற்று. அந்தக் காற்றை எவ்வளவு நிறுத்தி வைக்கிறது, அதற்கு எவ்வளவு எடை சுமக்க வேண்டியிருக்கிறது, வியர்வையும் ஈரமும் பட்டால் என்ன ஆகிறது, அப்புறம் எப்படித் துவைத்து எப்படிக் காயவைப்பது. இந்த நான்கையும் கேட்டால் போதும். கடைக்காரர்கள் முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுவார்கள். வடசென்னையில் குடியிருப்பவர்களுக்குக் கடைசி இரண்டுதான் முக்கியம்.

முதலில் டவுன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இங்கே பலர் அதை 'வாத்து இறகு' என்கிறார்கள். அது சரியில்லை. நீந்துகிற பறவைகளான வாத்துக்கும் வாத்துக்கூட்டத்துப் பெரியண்ணனான கூஸுக்கும் நெஞ்சிலும் வயிற்றிலும், மேல் இறகுக்கு அடியில், பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும். நடுவில் காம்பு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய இழைகள் கிளம்பி, எருக்கம் விதையின் பஞ்சு போல உருண்டையாக நிற்கும். தமிழில் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: தூவி. அன்னத்தூவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சசயனம் என்று ஐந்து வகை நிரப்பல் கொண்ட படுக்கையைச் சொல்வார்களே, அதில் அன்னத்தூவியும் உண்டு, நம் இலவம்பஞ்சும் உண்டு. டவுன் என்ற சொல்லைவிடத் தூவி எனக்குப் பிடித்திருக்கிறது. இனி அப்படியே எழுதுகிறேன்.

இறகு வேறு. அது தட்டையானது, நடுவில் காம்பு ஓடும், வளைந்து திரும்பும். அந்த வளைவுதான் அதற்கு ஸ்பிரிங் மாதிரித் தாங்கும் சக்தி கொடுக்கிறது. ஆகவே தலை வைத்துப் படுக்க இறகு பொருத்தம், போர்த்திக்கொள்ளத் தூவி பொருத்தம். இறகை மட்டும் நிரப்பிய போர்வை கனமாக இருக்கும், கதகதப்பும் குறைவு. விலை குறைவு என்பதற்காக இறகு நிரம்பிய கம்ஃபர்ட்டர் வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். காம்பு முனை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் தொல்லை வேறு. சில வருடம் முன்னால் இணையத்தில் 'தூவியும் இறகும்' என்று போட்டிருந்த தலையணை ஒன்றை வாங்கினேன். ஒரு வாரத்தில் கன்னத்தில் குத்த ஆரம்பித்தது. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதிக்குமேல் காம்பு. தூவியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அதனால் லேபிளில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, 90/10, 70/30 என்று போட்டிருக்கும் விகிதம். முதல் எண் தூவி, இரண்டாவது இறகு. பார்க்க வேண்டிய மற்றொன்று, ஃபில் பவர். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அது. 600 என்று போட்டிருந்தால், அந்த 28 கிராம் தூவி கிட்டத்தட்ட 10 லிட்டர் வாளி ஒன்றை நிரப்பிவிடும். கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத எடை, ஒரு வாளி அளவு காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. 500க்குக் கீழே என்றால் சாதாரணம், 600 முதல் 700 நல்ல தரம், 800க்கு மேல் மிக உயர்ந்த தரம். ஃபில் பவர் அதிகம் என்பதால் மட்டும் போர்வை அதிகச் சூடாகிவிடாது. உள்ளே எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. எண் கூடக்கூட, அதே கதகதப்புக்குக் குறைந்த எடை போதும், அவ்வளவுதான்.

தையலையும் பார்க்க வேண்டும். மேல் துணியையும் கீழ் துணியையும் நேரடியாகச் சேர்த்துத் தைத்திருந்தால், தையல் ஓடுகிற கோட்டில் தூவியே இருக்காது, குளிர் அந்தக் கோட்டின் வழியாக உள்ளே வரும். நல்ல போர்வையில் இரண்டு துணிக்கும் நடுவில் சின்னச் சின்னத் துணிச்சுவர் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்திருப்பார்கள். தூவி நகர்ந்து ஒரு மூலையில் போய்ச் சேராது, கோடும் மெலியாது. மேல் துணி மிக நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தூவி கசிந்துகொண்டே இருக்கும். மெத்தைக் கடையில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன், நிரப்பலுக்குக் கொடுக்கிற அதே கவனத்தைத் துணிக்கும் தையலுக்கும் கொடுங்கள். சீக்கிரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அவைதான்.

தூவியிலேயே உச்சம் என்று ஒன்று உண்டு. ஐஸ்லாந்தில் ஈடர் என்ற கடல்வாத்து, தன் நெஞ்சுத் தூவியைத் தானே பறித்துக் கூட்டில் மெத்தை போட்டு முட்டையிடும். அந்தக் கூட்டிலிருந்து மனிதர்கள் கையால் சேகரிக்கிறார்கள். ஒரு கிலோ சுத்தமான தூவிக்கு 60 கூடு, சில சமயம் அதற்கும் மேல் தேவைப்படும். பறவையைக் கொல்வதில்லை. வாங்குகிற விலையில் இல்லை என்றாலும் இப்படி ஒரு பொருள் உலகில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

சாதாரணத் தூவியின் கதை அவ்வளவு இனிமையானது இல்லை. பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் வாத்துகளிலிருந்துதான் அது வருகிறது. சில இடங்களில் உயிரோடு இருக்கும்போதே பறித்த கொடுமையும் நடந்திருக்கிறது. அதைத் தடுப்பதற்காக 2014இல் வந்தது ஆர்.டி.எஸ். என்ற சான்று. உயிரோடு பறிப்பதையும், வாயில் திணித்துத் தீவனம் ஊட்டுவதையும் அது அனுமதிப்பதில்லை. தூவி வாங்குவதென்றால் அந்த முத்திரை இல்லாததை வாங்காதே என்று அக்கா மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சைவம் தீவிரமாகப் பார்க்கிற வீடுகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், கீழே சொல்லப்போகும் பஞ்சு வகைகளுக்குப் போய்விடலாம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஏன் தூவி வாங்கவில்லை? ஈரம்தான் காரணம். தண்ணீரில் மிதக்கிற வாத்து நனையாமல் இருப்பது தூவியால் இல்லை. மேலே எண்ணெய் தடவி அடுக்கி வைத்த இறகு மழைக்கோட்டு மாதிரி காக்கிறது, தூவி அதற்கு அடியில் உலர்ந்தே இருக்கிறது. நாம் அந்த மழைக்கோட்டை எடுத்துவிட்டுத் தூவியை மட்டும் பையில் அடைக்கிறோம். ஈரம் ஏறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை கட்டிவிடும். காற்று நிற்க இடமில்லை, கதகதப்பும் இல்லை. காயாமல் இருந்தால் கோழிக்கூடு மாதிரி நாற்றமும் வரும். துவைத்தால் பெரிய டிரையரில் பலமுறை சுற்றவிட்டு, நடுநடுவே கட்டிகளை உதறிப் பிரித்துக் காயவைக்க வேண்டும். இங்கே எத்தனை வீட்டில் டிரையர் இருக்கிறது? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி கார்த்திகையில் உப்பு டப்பாவிலேயே தண்ணீர் விடும். கொடியில் போட்ட பருத்திச் சட்டை மூன்று நாளைக்கு முழுசாகக் காயாது. அந்தக் காற்றில் தூவிப் போர்வையை வைத்துக் காப்பாற்றுவது பெரும் பாடு.

அதோடு குளிர் எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டும். தை மாத விடியற்காலையிலும் சென்னையில் சாதாரணமாக 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மைனஸ் டிகிரிக்குத் தைத்த போர்வையை அந்த 20 டிகிரியில் போர்த்தினால் நடு ராத்திரியில் வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வை போய்ச் சேரும் இடமும் தூவிதான்.

ஆனால் ஜெர்மனியில் கதை தலைகீழ். அங்கே குளிர்காலத்தில் வெளியே பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் அறைக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டிருக்கும். படுக்கும்போது ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலைக்கூடக் கொஞ்சம் சாய்த்துத் திறந்துவிட்டுத் தூங்குகிறவர்கள் நிறைய. வறண்ட காற்று, குளிர்ந்த அறை, துவைக்கப் பெரிய மெஷின், காயவைக்க டிரையர். தூவிக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. அதனால் அக்கா மகளுக்குத் தூவிதான் சரி, ஆனால் இங்கே வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அங்கே ஒற்றைப் படுக்கைப் போர்வையின் வழக்கமான அளவு 135க்கு 200 சென்டிமீட்டர். இங்கே விற்கிற அளவில் வாங்கிக்கொண்டு போனால் அங்கே கிடைக்கிற உறை பொருந்தாது. 23 கிலோ பெட்டியில் சாம்பார்ப் பொடிக்கும் புளிக்கும் வேண்டிய இடத்தைப் போர்வை அடைத்துக்கொள்வது தனி வருத்தம்.

அவள் நோட்டில் சில குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். அங்கே லேபிளில் 'டவுனன்' என்றால் தூவி, 'ஃபெடர்ன்' என்றால் இறகு. ஒரு ஆளுக்குக் குளிர்காலப் போர்வையில் தூவி 600 முதல் 900 கிராம் வரை இருந்தால் தாராளம். பெட்டித் தையலா என்று தடவிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துச் சரக்கு என்றால் எவ்வளவு கதகதப்பு என்று காட்ட டாக் என்று ஒரு எண் போட்டிருக்கும், 4.5 கோடைக்கு, 10.5 நடுத்தரம், 13.5 கடுங்குளிருக்கு. கடையில் இரண்டு கையாலும் போர்வையின் ஒரு மூலையை அழுத்தி விட வேண்டும். நல்ல தூவி மெதுவாக மூச்சு வாங்கி எழுந்து நிற்கும். விரலில் குச்சி மாதிரித் தட்டுப்பட்டால் இறகு கலந்திருக்கிறது. மூக்கருகில் வைத்துப் பார்க்கவும் சொன்னேன். நன்றாகக் கழுவிய தூவிக்கு வாசனையே இருக்காது.

அங்கே தலையணையும் பெரிது, 80க்கு 80 சதுரம், பல வீடுகளில் இறகு நிரப்பியது. அதைப் பற்றி அவளுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கழுத்துக்கு ஒத்துவந்தால் வைத்துக்கொள், குத்தினால் மாற்று என்றேன்.

இலவம்பஞ்சுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. தேனி, போடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும். மூட்டையைப் பிரித்தால் கடை முழுக்க வெள்ளைப் புகை எழும். தொட்டால் வழுக்கும், கொஞ்சம் பளபளக்கும். இலவம் இழை உள்ளே வெறும் குழாய். அதன் கன அளவில் சுமார் 80 சதவீதம் காற்றுதான். மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இயற்கையாகவே இருப்பதால் தண்ணீரை லேசில் உறிஞ்சாது. அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மேலங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு தாத்தா எங்கள் கடைக்கு வரும்போதெல்லாம், "நீ தலைக்கு வைக்கிற, நாங்க உசுருக்கு வெச்சோம்" என்பார். வழுவழுப்பால் தனியாக நூலாக நூற்பது கடினம், அதனால் பெரும்பாலும் அடைப்பதற்கே பயன்படும். பறவையிடம் வாங்காமல் மரத்திலிருந்து கிடைத்த தூவி என்றே நான் இதைச் சொல்வேன். எடை குறைவு, காற்று அதிகம், உடம்புச் சூட்டை ஏற்றாது.

அப்படியென்றால் இதையே போர்வைக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அப்பாவும் ஒருமுறை முயன்றார், தோற்றார். இலவம் இழை குட்டையானது, வழுக்குவது, எளிதில் உடைவது. மெத்தையில் இறுக்கி அடைத்தால் அசையாமல் கிடக்கும். போர்வைக்குள் தளர்வாகப் போட்டால் நாலு நாளில் கால்மாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாளாக ஆகப் பொடிந்து தூளாகும். துவைக்கவும் முடியாது. தண்ணீரை உறிஞ்சாத பஞ்சுதான், ஆனால் மெத்தைக்குள் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழி தெரியாமல் நடுவில் நின்று பூஞ்சை பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொருக்குப்பேட்டையில் அக்கா வீட்டுத் தரைத்தளத்தில் முழங்காலுக்குமேல் தண்ணீர். அப்பா கையால் தைத்த இரண்டு மெத்தைகள் ஊறிப்போயின. மூன்று ஆள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. வெயில் வந்தபிறகு தெருவில் போட்டுப் பிரித்துப் பார்த்தோம். சாக்கடை நாற்றம் போகவே இல்லை, குப்பை வண்டியில் ஏற்றினோம். அதே வெள்ளத்தில் நனைந்த பாலியஸ்டர் போர்வைகளை மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டு இன்றைக்கும் பயன்படுத்துகிறாள். எனக்கு அதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணால் பார்த்ததை மறைத்து எழுத முடியாது.

தலையணைக்கு இன்றைக்கும் என் ஓட்டு இலவம்பஞ்சுக்குத்தான், இறகுத் தலையணைக்கு இல்லை. வாங்கும்போது விதை நீக்கிய பஞ்சா என்று கேளுங்கள். தலையணையை விரலால் பிசைந்தால் மிளகு மாதிரி உருண்டை நிறையத் தட்டுப்பட்டால் விதை இருக்கிறது, அதற்குப் பூச்சி வரும். ஆலைக் கழிவுப் பஞ்சைக் கலந்திருந்தால் அளவுக்கு மீறிக் கனக்கும், கையில் அந்த வழுக்கல் இருக்காது. மாதம் ஒருமுறை நல்ல வெயிலில் மொட்டை மாடியில் போட்டு, தட்டிப் புரட்டி எடுத்தால் திரும்ப உப்பிவிடும். தீ சீக்கிரம் பிடிக்கும் பொருள் என்பதால் ஊதுபத்தி, கொசுவத்தியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

அம்மாவுக்கு வருகிறேன். என் மனசில் முதலில் இருந்தது கம்பளி. ஆட்டு மயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்த மாதிரித் தெரியாது, கதகதப்பும் போகாது. ஈரக் காற்றுள்ள ஊருக்குக் கேட்டு வாங்கின மாதிரிக் குணம். லேசில் தீயும் பிடிக்காது. ஆனால் எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கம்பளி என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் வேறு. பளபளவென்று பூப்போட்ட மிங்க் போர்வை முழுக்கச் செயற்கை இழை. முரட்டுச் சாம்பல் நிறத்தில் வருவதில் பல, பானிபட்டில் பழைய துணிகளைக் கிழித்து நூற்று நெய்தவை. சுத்தக் கம்பளி தேடிப் பிடித்தாலும் அது உடம்பில் அரிக்கும், பூச்சி அரிக்கும், சூடு தண்ணீரில் துவைத்தால் சுருங்கும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் அம்மாவுக்குக் கம்பளி வேண்டாம் என்று ஆனது. வீசிங்குக்கு டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, "தலையணை எத்தனை வருஷம் ஆச்சு?" என்றுதான். படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன, நம் தோலில் உதிரும் துகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு, ஈரக் காற்றில் நன்றாகப் பெருகும் என்று விளக்கினார். இறகு அலர்ஜி என்று பலரும் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் இந்தப் பூச்சி அலர்ஜிதான். தூவியும் இறகும் நேரடியாகவே நுரையீரலைப் பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அபூர்வம்தான். ஆகவே வீசிங் உள்ளவர்களுக்குப் போர்வை தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: இதை 60 டிகிரி சூடு தண்ணீரில் அடிக்கடி துவைத்து, ஒரே வெயிலில் காயவைக்க முடியுமா? தூவி இங்கே முடியாது. இலவம் முடியாது. கம்பளி முடியாது. பஞ்சு அடைத்துத் தைத்த பருத்திப் போர்வையான ரஜாயைத் துவைக்கலாம், ஆனால் உள்ளே பஞ்சு கட்டி தட்டும், மழைக்காலத்தில் காய நாலு நாள்.

மிச்சம் இருந்தது பாலியஸ்டர் நிரப்பல். ரெக்ரான், மைக்ரோஃபைபர், டவுன் ஆல்டர்னேட்டிவ் என்று பல பெயரில் விற்பது இதுதான். ஆல்டர்னேட்டிவ் என்ற சொல் சின்ன எழுத்தில் இருந்தால் கவனியுங்கள், அதில் தூவி துளியும் இல்லை. பஞ்சுக் கடைக்காரர் மகளான எனக்கு இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு இதைத்தான் வாங்கினேன். பாலியஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூட ஈரம் வாங்காது. அதனால் அலசிப் பிழிந்து மாடியில் போட்டால் அரை நாளில் காயும். அதே காரணத்தால் வியர்வையையும் வாங்காது, உடம்பில் பிசுபிசுக்கும். அதற்காக மெல்லியதாக ஒன்று எடுத்து, உடம்பில் படும் பக்கம் பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்து உறையாகத் தைத்துப் போட்டோம். 60 டிகிரியில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்கினேன். 15 நாளுக்கு ஒருமுறை துவைக்கிறோம். கால் சில்லிடுவதற்குப் போர்வை மட்டும் போதவில்லை, படுக்கும்போது ஒரு ஜோடி பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்கிறார்.

தலையணையில்தான் சிக்கல். அது அப்பா கடைசியாகத் தைத்த தலையணை. "அதை மட்டும் தொடாதே" என்றார் அம்மா. எனக்கும் தொட மனசில்லை. நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த தூசிப்பூச்சித் தடுப்பு உறை ஒன்றை அதற்குப் போட்டு, அதற்குமேல் வழக்கமான உறை போட்டு, தலைக்கு வைக்காமல் பக்கத்தில் அணைத்துக்கொள்ளக் கொடுத்தேன். தலைக்குப் புதிதாக, துவைக்கக்கூடிய ஒன்று.

எங்கள் படுக்கையறை விஷயம் சீக்கிரம் முடிந்தது. ஏ.சி.யை 18இல் வைத்துவிட்டு அந்தக் குளிருக்குக் கனமான போர்வை தேடுவது கரண்டு பில்லையும் கட்டி, கம்ஃபர்ட்டருக்கும் காசு கட்டுவது. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. 2020 முதல் நட்சத்திரக் குறி உள்ள ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி வருகின்றன. 25இல் வைத்து, காற்றாடியை மெதுவாக ஓடவிட்டு, சோலாப்பூர் போர்வை ஒன்றைப் போர்த்திப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கனமாகப் போர்த்தினால்தான் தூக்கம் வருகிறது என்றார். அது நியாயம்தான், சிலருக்கு அந்த அழுத்தம் வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக ஒரு மெல்லிய ஜெய்ப்பூர் ரஜாய் வாங்கினோம். மெல்லிய பருத்தித் துணிக்குள் நன்றாக அடித்த பருத்திப் பஞ்சு. நடு ராத்திரி கரண்டு போனாலும் பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்கிறது, எரிச்சல் இல்லை. நன்றாக மழை பெய்கிற மாதத்தில் அதை மடித்து வைத்துவிட்டுச் சோலாப்பூருக்குத் திரும்பிவிடுகிறோம். மடித்து வைக்கும் பழக்கத்தில் ஒரு வார்த்தை: பஞ்சோ தூவியோ, எதையும் காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பையில் மாதக்கணக்கில் அமுக்கி வைக்காதீர்கள். அமுங்கிய இழை மறுபடி எழாது. பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள்.

வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். தூவி, பஞ்சு, பாலியஸ்டர் எதுவானாலும் தளர்வான போர்வையும் தலையணையும் மூச்சை அடைக்கும். உடம்போடு பொருந்தும் பருத்தி உடுப்பு போதும்.

அக்கா மகள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வீடியோவில் அழைத்தாள். 90/10 விகிதம், ஆர்.டி.எஸ். முத்திரை, பெட்டித் தையல் எல்லாம் பார்த்துத் தள்ளுபடியில் எடுத்திருந்தாள். "சித்தி, போர்த்தினா எடையே தெரியலை, பத்து நிமிஷத்துல சூடாயிடுது" என்றாள். அவள் பெட்டியில் போர்வைக்குப் பதிலாக நான் வைத்து அனுப்பியது இரண்டு உறைகள். எம்.சி. ரோட்டில் எடுத்த வெள்ளைப் பருத்தித் துணியில், எங்கள் தெருத் தையல்காரர் 135க்கு 200 அளவில் தைத்து, கால்மாட்டில் ஆறு பட்டன் வைத்தது. கூடவே 80க்கு 80இல் தலையணை உறை இரண்டு. நான்கும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகூட இல்லை. அளவு சரியாகப் பொருந்துகிறதாம், ஒரு பட்டன் மட்டும் தளர்ந்திருக்கிறது என்றாள். ஊசி நூல் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.